முதல் சுற்று யாருடையது?

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 31ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 19:1-10)



இன்றைய நற்செய்தியில் எரிகோ நகரத்துச் சக்கேயுவைச் சந்திக்கிறோம். குள்ளமான மனிதர். வரிதண்டுவோருக்குத் தலைவர். பணம் நிறைய உண்டு, ஊராரின் மதிப்பு மட்டும் இல்லை. இயேசுவைப் பார்க்க ஆசைப்பட்டுக் காட்டு அத்தி மரத்தில் ஏறிக்கொள்கிறார். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த வீதியில் முதலில் வாய் திறந்தவர் யார்? சக்கேயு அல்ல. ஆண்டவர். அவர்தான் அண்ணாந்து பார்த்தார், பெயர் சொல்லி அழைத்தார், இன்று உன் வீட்டில் தங்குவேன் என்றார். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்புவதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதலில் அழைப்பு, பிறகு மனமாற்றம். இந்த வரிசையைக் குருமடத்தில் நாங்கள் புத்தகத்தில் படித்தோம், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். சென்ற மழைக்காலத்தில், பங்கு இல்லத்துக் கார் ஷெட்டில் ஒரு ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதை மறுபடியும் கற்றோம். அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பங்கு இல்லத்தில் நாங்கள் மூன்று பேர்: பங்குத்தந்தை, உதவிப் பங்குத்தந்தை, உபதேசியார். ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் எஸ்.யூ.வி. ஒன்று பங்குக்கு உண்டு. ஊரில் எல்லாருக்கும் அது ஜீப்தான். அதில் மூன்று வாரமாக ஒரு கோளாறு. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. நாலைந்து முறை திருப்பினால் ஒருமுறை எடுக்கும். ‘செல்ஃப் போகப் போகுது சாமி’ என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நாங்கள் என்ன செய்தோம்? கோயிலுக்கு முன்னால் இருக்கும் சரிவில் கொண்டுபோய் நிறுத்தப் பழகிக்கொண்டோம். பூசை முடிந்து வரும் பையன்கள் நாலு பேர் தள்ளினால் இரண்டாம் கியரில் உருண்டு எடுத்துவிடும். திருவிழாக் கணக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டோம்.

ஒரு நாள் இரவு நல்ல மழை. நனைய வேண்டாமே என்று ஜீப்பை ஷெட்டுக்குள் விட்டிருந்தோம். பதினொன்றரை மணிக்கு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கிளைக் கிராமத்திலிருந்து போன். ‘பாட்டிக்கு மூச்சு வாங்குது சாமி, அவஸ்தை பூச வாங்க’ என்றான் பேரன். எண்ணெய்ச் சிமிழையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். சாவியைத் திருப்பினோம். டக். மறுபடியும் டக். பையன்களை எழுப்பித் தள்ளச் சொன்னோம். செம்மண் நிலம், மழையில் சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. இருபது நிமிடம் அதிலேயே போயிற்று. கடைசியில் உபதேசியாரின் இருசக்கர வண்டியில், நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம்.

அந்தத் தாயாரின் மகன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். ‘கால் மணி நேரத்துக்கு முந்திதான் சாமி’ என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நோயில்பூசுதல் உயிரோடிருப்பவருக்கான அருட்சாதனம். இறந்தவருக்காகத் திருச்சபை மன்றாடுகிறது. மன்றாடினோம். இங்கே உங்களில் யாருக்காவது மனக்கலக்கம் இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறோம். கடவுள் நம் மீட்பை அருட்சாதனங்களோடு இணைத்திருக்கிறார், ஆனால் அவர் அவற்றுக்குள் கட்டுண்டவர் அல்லர் என்பது திருச்சபையின் போதனை. ஆண்டு முழுவதும் வாசலில் உட்கார்ந்து செபமாலை சொன்ன அந்தத் தாயார் ஆண்டவரிடம் போய்ச் சேர எங்கள் ஜீப்பை நம்பியிருக்கவில்லை. இது உங்களுக்கு ஆறுதல். எங்களுக்கு இது சாக்கு அல்ல.

அந்த மகன் டவுனில் மெக்கானிக். பல ஆண்டுகளாகக் கோயிலுக்குள் வருவதில்லை. அவர் தகப்பனாரின் அடக்கத்தன்று, வரிப் பாக்கியைப் பற்றி யாரோ சொன்ன ஒரு வார்த்தை அவர் நெஞ்சில் தைத்திருந்தது. ஞாயிறுதோறும் அம்மாவை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். நாங்கள் அவரைப் பார்த்திருக்கிறோம். ஒரு நாளும் போய்ப் பேசியதில்லை. அவராக வரட்டும் என்று இருந்தோம்.

அடக்கம் முடிந்தபின், அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். இன்று போகலாம், நாளை போகலாம் என்று நான்கு நாள் கழிந்தது. ஐந்தாம் நாள் மாலை அவரே வந்து நின்றார், கையில் டூல்ஸ் பையோடு.

‘செல்ஃப் மோட்டாரை நான் மாத்தித் தாறேன் சாமி. இன்னொரு வீட்டுக்கு நீங்க லேட்டாப் போகக் கூடாது. ஒர்க் ஷாப்புக்கு இழுத்துக்கிட்டுப் போக வேண்டாம், இங்கேயே செய்யலாம். லைட் பிடிக்க ஒரு ஆள் மட்டும் நில்லுங்க.’

மூன்று மாலைகள் அந்த வேலை நடந்தது. முதல் மாலை அவர் எதையும் கழற்றவில்லை. நோய் எங்கே என்று முதலில் பார்த்தார். பேட்டரியில் மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட், முழுத் தெம்பு. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பூவை, சமையல் சோடா கரைத்த சுடுநீர் ஊற்றித் தேய்த்தார். ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். டக் என்றது, ஆனால் வெளிச்சம் குறையவில்லை. ‘லைட் மங்கினா பேட்டரியையோ கனெக்சனையோ சந்தேகப்படணும். இங்க மங்கலை. அப்போ மோட்டார் கரண்டையே வாங்கலை’ என்றார். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் எண்ணெய் அடித்து ஊறவிட்டுப் போனார்.

இரண்டாம் மாலை கழற்றினார். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார். ‘ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போறவன் அவன் பிள்ளைகளை நினைக்காதவன்’ என்றார். பேட்டரியின் மைனஸ் வயரை எடுத்த பிறகே ஸ்பேனரைத் தொட்டார். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளில், சாவி போட்டாலும் போடாவிட்டாலும் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதைத் தொட்ட ஸ்பேனர் வண்டியின் உடம்பிலும் பட்டால் தீப்பொறி பறக்கும். ‘மைனஸை முதல்ல கழத்தணும், கடைசியா மாட்டணும்’ என்று எங்களையும் சொல்ல வைத்தார், ஞானோபதேச வகுப்பில் நாங்கள் பிள்ளைகளைச் சொல்ல வைப்பதுபோல. எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் அந்த மோட்டார் ஒளிந்திருக்கிறது. மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். போல்ட் கழன்றதும் ஐந்தாறு கிலோ இரும்பு கைக்கு வந்தது.

திறந்து காட்டினார். உள்ளே கார்பன் துண்டுகள். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் அவை உரசி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நகக்கண் அளவுக்கு வந்திருந்தன. கார்பன் உரசும் செம்புப் பட்டைகளும் கருகிப் பள்ளம் விழுந்திருந்தன. கார்பனை மட்டும் மாற்றிப் பயனில்லை, மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றார்.

அந்த மோட்டாரின் வேலை என்ன என்று கேட்டோம். அவர் சொன்னது ஒரு மறைக்கல்வி. டீசல் எஞ்சின் பெரிய பலசாலி. ஏழு பேரைச் சுமந்துகொண்டு மலை ஏறும். ஆனால் நின்றுபோன எஞ்சினால் தன்னைத்தானே ஒரு சுற்றுக்கூடச் சுற்றிக்கொள்ள முடியாது. காற்றை இழுத்து அழுத்திச் சூடாக்கினால்தான் டீசல் பற்றும். காற்றை அழுத்த எஞ்சின் சுற்ற வேண்டும். எஞ்சின் சுற்ற டீசல் பற்ற வேண்டும். இந்தச் சுழலுக்குள்ளிருந்து எஞ்சினால் தானாக வெளியே வர முடியாது. முதல் சுற்றை வெளியிலிருந்து வேறொருவர் கொடுக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டாரிலிருந்து ஒரு சின்னப் பல்சக்கரம் முன்னால் வந்து, எஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கவ்விச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று வேகம், அதுவும் இரண்டு மூன்று விநாடிதான். எஞ்சின் பற்றிக்கொள்கிறது, சின்னச் சக்கரம் பின்வாங்குகிறது.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும், முன்பெல்லாம் லாரியின் மூக்கில் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றுவார்கள். எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு ஒடியும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைத்த மின் மோட்டார் 1912இல் காடிலாக் கார்களில் வந்தது. அன்றிலிருந்து அதற்கு ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்று பெயர். நாமும் சுருக்கி ‘செல்ஃப்’ என்கிறோம். செல்ஃப் என்றால் ‘தானே’ என்று பொருள். பெயர்தான் அப்படி. வண்டியில் தானே எடுப்பது ஒன்றுமில்லை. நாங்கள் சரிவில் தள்ளி எடுத்தபோதும், அது நாலு பையன்களின் தோள் கொடுத்த சுற்றுதான்.

அன்பார்ந்தவர்களே, மனித உள்ளமும் இப்படித்தான் என்று திருச்சபை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவர், மனிதர் தம் சொந்த ஆற்றலாலேயே நன்னெறியில் நடந்துவிட முடியும் என்று போதித்தார். தூய அகுஸ்தீனார் அதை மறுத்து எழுதினார். வேறு சிலர் நடுவழி ஒன்று கண்டார்கள்: முதல் அடியை நாம் வைப்போம், மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றார்கள். 529ஆம் ஆண்டு, இன்றைய பிரான்சின் தெற்கிலுள்ள ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம் அதையும் ஏற்கவில்லை. நம்பிக்கையின் தொடக்கம்கூட, நம்ப வேண்டும் என்ற ஆசைகூட, அருளின் கொடையே என்றது. 1547இல் திரிதெந்தின் பொதுச்சங்கமும், மனிதரின் எந்தத் தகுதியையும் பாராமல் முந்திவரும் இறையருளே அவரை அழைக்கிறது என்று போதித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையிலும் இதே கருத்து வருகிறது. ஆண்டவர் முந்திக்கொண்டார், ஆகவே திருச்சபையும் முதலடி எடுத்துவைக்க வேண்டும் என்கிறார் அவர்.

சக்கேயு தானாகத்தானே மரம் ஏறினார் என்று கேட்கலாம். ஏறினார். ஆனால் பணத்தில் மூழ்கியிருந்த மனிதருக்கு, ஒரு ஏழைப் போதகரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது? அவர் கால் மரத்தில் படும் முன்பே யாரோ உள்ளே சாவியைத் திருப்பியிருக்கிறார்.

உவமைக்கு எல்லை உண்டு. எஞ்சின் பற்றிக்கொண்டதும் மோட்டார் விலகிவிடும். ஆண்டவரின் அருள் அப்படி விலகுவதில்லை. முன்னே செல்கிறது, கூடவும் வருகிறது. எஞ்சினுக்குச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை, நம்மிடம் ஆண்டவர் கேட்கிறார். சக்கேயு விரைந்து இறங்கினார். இறங்க மறுத்திருக்கவும் முடியும்.

இப்போது மூன்றாம் மாலைக்கு வருவோம். புது மோட்டாரையும் பழையதையும் பக்கத்தில் வைத்து, பல் எத்தனை, போல்ட் துளை எங்கே என்று ஒத்துப் பார்த்தார். மோட்டார் உட்காரும் இடத்தில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து மின்ன வைத்தார். கரண்ட் திரும்பிப் போகும் வழி மோட்டாரின் உடம்புதான், துரு இருந்தால் புது மோட்டாரும் சுற்றாது என்றார். பிறகு படுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் பொருத்தினார். நாங்கள் பக்கத்தில் படுத்து டார்ச் பிடித்தோம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத அந்த இடத்தில்தான் எங்களுக்கு வாய் வந்தது. ‘தம்பி, அன்னைக்கு மழையால வண்டி நிக்கலை. மூணு வாரமா அது சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நாங்கதான் தள்ளிப் போட்டோம். எங்களை மன்னிக்கணும்’ என்றோம்.

ஒரு போல்ட் முறுகி முடியும்வரை அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘தெரியும் சாமி. சரிவுல நிறுத்தியிருந்ததைப் பார்த்தேன், பையன்கள் தள்ளினப்போ அந்தச் சத்தத்தையும் கேட்டேன். எனக்குத் தெரியாதா? மரத்தடியில இருந்து பத்தடி வந்து நான் சொல்லியிருக்கலாம். எனக்கென்னனு நின்னேன்.’ கொஞ்ச நேரம் கழித்து, ‘நேத்து ராத்திரி பூரா, போய்ச் செஞ்சு குடுடானு அம்மா சொல்லுத மாதிரியே இருந்துச்சு’ என்றார். அதற்குப் பிறகு, ‘டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க’ என்றார். அவ்வளவுதான் எங்கள் ஒப்புரவு.

சகோதர சகோதரிகளே, நாங்கள் அவருக்காகக் காத்திருந்தோம், அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். பூசை வைக்கும் நாங்கள் அசையாமல் கிடக்க, வேப்பமரத்தடியில் நின்றவர் வழியாக ஆண்டவர் முதல் சுற்றைக் கொடுத்தார். இழந்தவர் அவர், முதலில் வந்தவரும் அவர். முந்திவரும் அருள் எப்படி இருக்கும் என்று இனி யாராவது எங்களைக் கேட்டால், கையில் டூல்ஸ் பையோடு வாசலில் நின்ற அந்த மனிதரைத்தான் நினைப்போம்.

கேபிளை மாட்டி, கடைசியாக மைனஸைப் போட்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். சாவியைத் திருப்பச் சொன்னார். ஒரே திருப்பில் எடுத்தது. எங்களுக்கு இரண்டு புத்தி சொன்னார். ‘எஞ்சின் எடுத்ததும் சாவியை விட்டுருங்க. பிடிச்சுக்கிட்டே இருந்தா பல்லு தேயும். எடுக்கலைன்னா பத்து விநாடிக்கு மேல திருப்பாதீங்க, மோட்டார் சூடாகும். அரை நிமிசம் விட்டு மறுபடி பாருங்க.’

இந்த இரண்டையும் உங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி, கோபித்துக்கொண்டு போன மகள், கோயிலை விட்டு விலகிய பக்கத்து வீட்டார் யாராவது நம் ஒவ்வொருவருக்கும் இருப்பார்கள். அவர்களே வரட்டும் என்று சரிவில் நிறுத்திக் காலத்தை ஓட்ட வேண்டாம். இந்த வாரமே ஒரு முறை சாவியைத் திருப்புங்கள். ஒரு போன் போதும், ஒரு வாசல் போதும். எடுக்கவில்லை என்றால் விடாமல் அழுத்திச் சண்டையாக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் போங்கள். எடுத்துவிட்டதா, நான்தான் செய்தேன் என்று பிடித்துக்கொண்டு நிற்காமல் கையை எடுத்துவிடுங்கள்.

அந்த மெக்கானிக் இப்போது கோயிலுக்குள் வருகிறாரா என்று கேட்பீர்கள். இல்லை. அம்மாவை இறக்கிவிடும் வேலை இல்லாவிட்டாலும் ஞாயிறுதோறும் வருகிறார், வேப்பமரத்தடியில்தான் நிற்கிறார். மாறியது ஒன்றுதான். பூசை முடிந்ததும் நாங்கள் அந்த மரத்தடிக்குப் போகிறோம். வண்டி எப்படி என்று அவர் கேட்கிறார். சக்கேயுவும் மரத்தில்தானே இருந்தார். மரத்தடிவரை நடந்துபோனவர் ஆண்டவர்.

மன்றாடுவோம். முந்திவந்து எங்களை அன்பு செய்யும் ஆண்டவரே, நின்றுபோன எங்கள் உள்ளங்களுக்கு முதல் சுற்றை நீரே தாரும். நாங்கள் தாமதித்ததால் காயம்பட்டவர்களைக் குணமாக்கும். அவர்கள் வாசலுக்கு நாங்கள் முதலில் போய் நிற்கும் மனதைத் தாரும். எங்கள் தாமதத்தால் எண்ணெய் பூசப்பெறாமல் உம்மிடம் வந்த அந்தத் தாயாருக்கும், இந்த நவம்பர் மாதத்தில் நாங்கள் நினைவுகூரும் இறந்தோர் அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.